அடுப்படியில் ஓர் ஆமை

என் கணவர் தோளிலிருந்த சாக்குப்பையை வாசலில் இறக்கி வைத்தார். வைத்ததும் அது தானாக நகர்ந்தது. நான் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டேன்.

"ஒண்ணுமில்ல, கதவத் தொற. கடிக்காது," என்று வெளியே நின்று சிரித்தார்.

"என்னன்னு சொல்லுங்க. அப்பறம் தொறக்கறேன்."

"ஆமை."

அதைக் கேட்டதும் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டேன்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது என்னோடு வந்த சீர் சாமான்களைவிட பயங்கள்தான் அதிகம். மஞ்சக்குட்டையைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்குக் கொடுத்திருந்தது இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள ஓட்டு வீடு. மூடுபனி இறங்கினால் எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. அந்த வெள்ளைக்குள் காட்டெருமை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு துணி காயப்போடக்கூடப் போகமாட்டேன். இது அறுபதுகளின் கடைசி. ஆமையை வீட்டில் வைத்திருந்தால் குற்றம் என்ற சட்டம் அப்போது வந்திருக்கவில்லை. சட்டத்துக்கு நாங்கள் பயப்படவில்லை. நான் பயந்தது வேறொன்றுக்கு.

ஆமை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போயிருந்தது. இருப்பது ஒரே மகள், ஐந்து வயது. இனி ஒன்றையும் இழக்க முடியாது என்ற நிலையில் இருப்பவளுக்கு எதைச் சொன்னாலும் பயம்தான்.

கடைசியில் கதவைத் திறந்தது மகள். நான் சமையற்கட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். "அம்மா, முதுகுல நட்சத்திரம் போட்டிருக்கு!" என்று கத்தினாள்.

உண்மைதான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கதிர் விரிந்த கட்டங்கள். ஒரு சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து வைத்த அளவு இருந்தது. எஸ்டேட் ஜீப்பில் குப்பனூர்ப் பக்கமாக அவர் மலை ஏறி வரும்போது அடிவாரத்தில் சிலர் அதைக் கவிழ்த்துப் போட்டு அறுக்கக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்களாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஏதோ பேசி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"வழியிலயே காட்டுல உட்டுட்டு வந்திருக்கலாமில்லீங்க?"

"அவுங்க பாத்துக்கிட்டே நிக்கறாங்க. நான் உட்டா திரும்பி எடுத்துக்குவாங்க. பாப்பாவும் தனியா வெளையாடுது, ஒரு தொணையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்தார். எஸ்டேட் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி. என்னைவிட மூத்தவர். எனக்கு அந்த மலையில் இருந்த ஒரே துணை அவர்தான். ஆமையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அம்மணி, இது ஊட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா என்ன ஆவும்னு நான் என் வாயால சொல்லமாட்டேன்."

வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல் விட்டதை நான் எல்லா விதமாகவும் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வரக்கூடாது, வெளித் தாழ்வாரத்தோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆமை என்றால் தண்ணீரில் இருப்பது என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாள் காலையில் அவர் துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் அதை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மகள் தொட்டியின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது மேல வரல," என்றாள்.

"வரும் கண்ணு."

"வரலம்மா. கால ஒதைக்குது."

போய்ப் பார்த்தேன். தொட்டியின் அடியில் அது நான்கு காலையும் அடித்துக்கொண்டிருந்தது. தலையை மேலே நீட்டி நீட்டிப் பார்க்கிறது, தண்ணீர் மட்டத்தை எட்டவில்லை. வாயிலிருந்து குமிழ் வந்தது. பிறகு ஒரு கால் அடிப்பதை நிறுத்தியது. மகள் அலறினாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு கையையும் உள்ளே விட்டு அதைத் தூக்கிவிட்டேன். கனமாக, கல் மாதிரி குளிர்ந்து இருந்தது. தூக்கியதும் "புஸ்" என்று பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம் போட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனாலும் கீழே போடவில்லை. மெல்லத் தரையில் வைத்துத் தலைப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது.

அது நிலத்தில் வாழும் ஆமை, அதற்கு நீந்தத் தெரியாது என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்தத் தொட்டிதான் சொன்னது.

அதன்பிறகு ஆரஞ்சுப் பழம் அனுப்பும் மரப்பெட்டி ஒன்றில் என் கணவர் வைக்கோல் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார். என்ன தின்னும் என்று தெரியவில்லை. அவர் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தார். மகள் சோறு வைத்தாள். நான் முட்டைக்கோஸ் இலையைத் தூரத்திலிருந்து பெட்டிக்குள் எறிந்தேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தின்றது. தின்ற சில நாட்களில் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. அதற்குள் ஆடி மாதக் காற்றும் சாரலும் வந்துவிட்டன. தாழ்வாரத்தில் வைத்திருந்த விறகே ஈரமாகிவிடும், பெட்டிக்குள் வைக்கோல் எந்த மூலைக்கு? ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் மகள் அதன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, அது சோப்பு முட்ட உடுது."

மூக்கில் சின்னச் சின்னக் குமிழ்கள். மூச்சு விடும்போதெல்லாம் விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம். கண் திறக்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், முன்பு இருந்த கனம் இல்லை. அதுதான் என்னை மிகவும் கலக்கியது. தங்காமல் போன என் பிள்ளையும் கடைசி நாட்களில் அப்படித்தான் கையில் கனமில்லாமல் இருந்தது.

அன்றைக்கு என் பயம் வேறு பக்கம் திரும்பியது. ஆமை வீட்டுக்கு வந்ததே கெடுதல் என்றால், வந்த ஆமை நம் வாசலில் கிடந்து சாவது அதைவிடப் பெரிய கெடுதல் இல்லையா? அது செத்தால் அந்தச் சாவு எங்கே போய் நிற்கும்? மகளைப் பார்த்தேன். அவள் தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்து அதற்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த ஆமையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது அன்பினால் என்று யாராவது சொன்னால் அது பொய். பயத்தினால்தான்.

ஏற்காடு டவுனில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் இருந்தார். ஆமையைத் துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் போனோம். வரிசையில் கன்றுக்குட்டிக்காரரும் நாய்க்காரரும் என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள். டாக்டர் அதை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நான் மாடு, ஆடு, பன்னி பாக்கறவனுங்க. ஆமைக்கு வைத்தியம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. தெரிஞ்ச மாதிரி பேசி உங்கள ஏமாத்தக் கூடாது," என்றார். பிறகு, "இது எங்க கெடச்சுது?" என்று கேட்டார்.

"குப்பனூர் அடிவாரத்துலங்க."

"அங்க வெய்யிலு எப்படி அடிக்கும்? முள்ளுக்காடு, வறண்ட மண்ணு. அங்க இருந்தத இந்தக் குளுருக்குக் கொண்டாந்துருக்கீங்க. சளி புடிச்சிருக்கு. முதல்ல சூடு வேணும். ஈரம் ஆவவே ஆவாது. பால், ரொட்டி, சோறு எல்லாத்தையும் நிறுத்துங்க. இது புல்லும் தழையும் திங்கற வயிறு. அங்க என்ன மொளைக்குமோ அதக் குடுங்க. பொழைக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் ஒரே யோசனையாக வந்தேன். எங்கள் எஸ்டேட்டில் அப்போது கரண்டு கிடையாது. அந்த மழையில், அந்த மலையில், சூடும் காய்ந்த தரையும் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். என் அடுப்படி.

நானே அதைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி தாண்டினேன். தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, "சேர்வராயா, எதுவா இருந்தாலும் என்னோட போகட்டும், கொழந்தகிட்ட போக வேண்டாம்," என்று அந்த மலைச்சாமியிடம் வேண்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். காப்பித்தூள் கேட்பதென்றால்கூட வேலியோரம் நின்றுதான் கேட்பார்.

அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கும் மூலையைக் காலி செய்தோம். என் கணவர் பலகையால் ஒரு தடுப்பு வைத்தார். அடியில் காய்ந்த மண்ணும் மணலும் கலந்து, அது கால் பதித்துத் தோண்டும் அளவுக்குப் போட்டோம். ஒரு ஓரம் அடுப்பின் சூடு படும்படி, இன்னொரு ஓரம் சூடு இல்லாமல். சூடு அதிகமானால் அது தானே நகர்ந்துகொள்ளட்டும் என்று. உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்துப் படுக்க ஒரு குகை மாதிரி வைத்தேன். சமையல் முடிந்தாலும் காப்பிச்செடிக் கட்டையைப் போட்டுக் கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டேன். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கழுத்துக்குக் கீழேயே நிற்கும்படி கொஞ்ச நேரம் அதில் நிறுத்தினேன். தொட்டியை நினைத்து ஒரு கை அதன்மேலேயே இருக்கும்.

தீனிக்கு அவர் கீழே போகும் ஜீப்பில் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை வரவழைத்தார். எங்கள் வேலியில் செம்பருத்தி இருந்தது. பூவும் தழையும் இரண்டும் கொடுத்தேன். அருகம்புல், பட்டுப்புழுவுக்குப் போடும் முசுக்கொட்டை இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துத் தழைமேல் தூவினால் ஓட்டுக்கு நல்லது என்று மாட்டு டாக்டர் பிறகு சொல்லி அனுப்பினார், அதையும் செய்தேன். எதையும் அது தொடவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மூலைக்குப் போய் அதன் காலை விரலால் தொடுவேன். கால் உள்ளே போனால் உயிர் இருக்கிறது. அந்தக் கால் அசைந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திரும்புவேன்.

பிறகு ஒரு காலையில் நான் தொடுவதற்கு முன்பே அது கண் திறந்திருந்தது. செம்பருத்திப் பூ ஒன்றின் இதழ் பாதி காணோம். வாயோரம் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவரை எழுப்பிக் காட்டினேன். "பூவத் தின்னுருச்சுங்க!" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் சீக்கிரமே போய்விட்டது. மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். வயிற்றுப்போக்கு தொடங்கியது. எஸ்டேட் கம்பவுண்டர் கொடுத்த மருந்து நிற்கவில்லை. வாந்தியாகப் போனது. அடுத்த நாள் போக்கில் ரத்தம் கண்டது. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். நனைந்துகொண்டே நின்றார்.

"கொழந்தைக்கு எப்படி இருக்குது?"

சொன்னேன். அவர் பார்வை என்னைத் தாண்டி அடுப்படிப் பக்கம் போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று அன்று எனக்கு முழுசாகப் புரிந்ததுபோல் இருந்தது. நிலைப்படியில் நின்று நான் வேண்டிக்கொண்டதை சாமி கேட்கவில்லை.

பெரிய மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் போகவில்லை என்றார்கள். எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கினோம். அப்போது அது நல்ல ரோடு இல்லை, கல்லும் மண்ணுமான தடம். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு டிரைவர் ஓட்டினார். மூடுபனியில் முன்னால் இரண்டு முழம்கூடத் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெறும் வெள்ளை. வளைவுகளில் என் கணவர் இறங்கி ஜீப்புக்கு முன்னால் நடந்து போய், "வாங்க, வாங்க, ஒடிச்சுக்குங்க," என்று குரல் கொடுப்பார். அவர் உருவமும் வெள்ளைக்குள் மறைந்துவிடும். குரல் மட்டும் வரும். மகள் என் மடியில் கிடந்தாள். முதலில் முனகிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் முனகலும் நின்றது. நான் அவள் காலைத் தொட்டேன். கால் அசைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டேன். அசைந்தது. மலை இறங்கி முடியும்வரை நான் செய்தது அது ஒன்றுதான்.

"ஏனுங்க," என்று அவரைக் கூப்பிட்டேன், அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது. "திரும்பிப் போனதும் மொத வேலையா அதக் கொண்டுபோய் எங்கியாச்சும் உட்டுருங்க."

"சரி," என்றார். அவர் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் ஊசி குத்திப் பாட்டிலில் தண்ணீர் ஏற்றினார்கள். குழந்தைகள் வார்டில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள், என்ன சமைத்தீர்கள், வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும்தான்.

மகள் கொஞ்சம் தேறிக் கண் விழித்ததும் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து அவளிடமே கேட்டார். "சாமி, நீ மட்டும் தனியா ஏதாச்சும் தின்னியா? அம்மாவுக்குத் தெரியாம?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வெள்ளரிக்கா," என்றாள்.

"வெள்ளரிக்கா நல்லதுதான?"

"ஆமைக்கு ஒரு கடி, எனக்கு ஒரு கடி."

டாக்டர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வீட்டில் ஆமை இருப்பதை நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அந்த வார்டுக்குள்ளும் அது வந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படியில் வைத்திருப்பதையும், அக்கா சொன்னதையும், நான் வேண்டிக்கொண்டதையும்கூடச் சொல்லிவிட்டேன்.

"அப்ப, ஆமையாலதான் வந்துதுங்களா டாக்டர்?"

"இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க பயப்படற மாதிரி இல்ல. அதோட வயித்துல சில கிருமி இருக்கும். ஆமைய அது ஒண்ணும் செய்யாது. கொழந்த வயித்துக்குப் போனா இப்படிப் படுத்திரும். சமைக்கற எடத்துல அத வெக்காதீங்க. அதுக்குன்னு தனித் தட்டு, தனித் தண்ணி. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! எனக்கு அதைக் கேட்டுப் பயம் போய்விடவில்லை. ஆனால் அதுவரை அந்தப் பயத்துக்கு எல்லையே இல்லாமல் இருந்தது. இப்போது சோப்பினால் கழுவக்கூடிய அளவுக்கு அது சின்னதாகிவிட்டது.

மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆமைக்கு யாரு தழ போடறாங்க?"

நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை அவளுக்கு ஊட்டினேன். அவசரத்தில் வீட்டைப் பூட்டக்கூட இல்லை, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தோம். அடுப்பு அணைந்து எத்தனையோ நாளாகியிருக்கும். அந்தக் குளிரில் அது என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போய் மகளைத் திண்டில் சாய்த்து உட்கார வைப்பதற்கு முன்னால் அவர் உள்ளே போய் அதை எடுத்துக் குழி தோண்டிவிட வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவளுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தோம்.

வீட்டுக்கு ஏறி வந்த அன்று மழை விட்டிருந்தது. எங்கள் ஓட்டுக்கு மேலே புகை போய்க்கொண்டிருந்தது.

நான் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். பிறகுதான் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அடுப்படியில் பக்கத்து வீட்டு அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். மூலையில் மண்பானைக்கு வெளியே ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் செம்பருத்தித் தழை குவிந்து கிடந்தது.

அக்கா மகளைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் முகத்தைத் தடவினார். தடவிக்கொண்டே அழுதார்.

"எனக்கு உள்ள வரவே நொம்பப் பயம் அம்மணி. தெனமும் நெலப்படியில நின்னு சாமியக் கும்புட்டுட்டுத்தான் கால எடுத்து வெப்பேன். இது செத்துப்போனா அங்க கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு அதவிடப் பயம். இடுக்கியில புடிச்சு எலயப் போட்டுட்டு ஓடியாந்துருவேன். அது என்னயப் பாத்துக்கிட்டே திங்கும். பாக்காதடி, கண்ண மூடிக்கிட்டுத் தின்னுன்னு சொல்லுவேன்."

அவர் கையில் இன்னும் இடுக்கி இருந்தது. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதே பயத்தைத்தான் நானும் பயந்தேன், அதே காரணத்துக்காகத்தான் நானும் அதற்குத் தழை போட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் இருவர் கண்ணும் அந்த இடுக்கிமேல் விழுந்தது. ஆமை வந்தபிறகு முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அதை விட்டுவிடச் சொல்லியிருந்தேனே, அந்தப் பேச்சை என் கணவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சளி முழுசாகப் போகாத ஒன்றை அந்த மழையில் விட்டால் அது சாகும். ஆனால் டாக்டர் சொன்னதையும் மீற முடியாது. என் கணவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு இடத்தில் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். அடுப்புக்கு நேர் பின்பக்கச் சுவர், வெளியே. அந்த இடம் மட்டும் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே கல் அடுக்கித் தரையை உயர்த்தி, தகரக் கூரை போட்டு, காற்று வரும் பக்கம் பழைய ஜன்னல் கண்ணாடியை நிறுத்தி ஒரு அறை கட்டினார். வெயில் வரும் பக்கம் திறந்திருக்கும். கீரிக்கும் நாய்க்கும் பயந்து கம்பி வலை அடித்தோம். அதற்கென்று ஒரு தட்டு, அதைக் கழுவ வாழைமரத்தடி, பக்கத்திலேயே சோப்பும் தண்ணீர்ச் சொம்பும். மகள் கை கழுவும்போது நான் நின்று பார்ப்பேன். "நகத்துக்குள்ள, கண்ணு, நகத்துக்குள்ள," என்று சொல்லிச் சொல்லி அவளே என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

மார்கழியில் புல்மேல் பனி வெள்ளையாகப் படிந்த காலைகளில் மறுபடி மூக்கில் குமிழ் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்கு உடம்பு இளைத்தது. சூடு போதாதபோது அது எதையும் தின்னாது. தின்னாதபோது எனக்கும் சோறு இறங்காது. எப்படியோ தாண்டிவிட்டது. மாசி வெயிலில் ஓடு பளபளவென்று ஆனது. ஆனால் இன்னொரு ஆடி மாதத்தை அதுவும் தாங்காது, நானும் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை கவனித்தாலும் இந்த மலை அதன் இடம் இல்லை. கொண்டுபோய் அதன் காட்டிலேயே விட்டுவிடலாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து வெயில் நன்றாக இருந்த ஒரு நாள் கீழே இறங்கினோம். அவர், நான், மகள். அக்கா ஜீப் வரைக்கும் வந்து கூடைக்குள் ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டார், கையாலேயே. குப்பனூருக்கு மேலே, ஆள் நடமாட்டம் உள்ள தடத்தைவிட்டு வெகுதூரம் உள்ளே முள்ளுக்காட்டுக்குள் நடந்தோம். காய்ந்த புல்லும் சப்பாத்திக்கள்ளியும் இருந்த ஒரு இடத்தில் அவர் கூடையைச் சாய்த்தார். ஆமை வெளியே வந்ததும் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அசையவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியது. அப்போதும் அசையவில்லை.

"அதுக்கு எடம் தெரியலயோ என்னமோங்க," என்றேன். எல்லாம் மறந்துபோயிருக்குமோ, இங்கே எதைத் தின்பது என்று தெரியாமல் கிடந்து செத்துவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

அப்போது ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. ஒரு அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். இடுப்பில் தழை வெட்டும் அரிவாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆமைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து சேலையை விரித்துவிட்டேன்.

"யாருங்க நீங்க? இந்த வெய்யில்ல இங்க வந்து உக்காந்திருக்கறீங்க?"

"கால் சுளுக்கிக்கிச்சுங்க. அதான் உக்காந்திருக்கறோம்."

"அய்யோ, எந்தக் காலு? காட்டுங்க, நீவி உடறேன்."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க. இப்பத் தேவலைங்க."

அவர் போகவில்லை. நின்று, நாங்கள் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். ஆடுகள் என்னைச் சுற்றி மேய்ந்தன. ஒன்று என் முந்தானையைக் கடித்து இழுத்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஒருவழியாக அந்த அம்மா, "பாத்துப் போங்க, முள்ளு நொம்ப," என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மணிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நான் அசையவில்லை.

பிறகு மெல்ல எழுந்து திரும்பிப் பார்த்தேன். ஆமை இல்லை.

மண்ணில் ஒரு தடம் மட்டும் புதரைப் பார்த்துப் போயிருந்தது. மகள் துள்ளப் போனாள். "அசையாத!" என்று நான் கத்தினேன். எங்கே இருக்கிறதோ, எந்தப் புல்லுக்குள் கிடக்கிறதோ, யார் காலாவது அதன்மேல் பட்டுவிட்டால்? மூன்று பேரும் வைத்த காலை எடுக்காமல் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் புதருக்குள் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எதையோ கடித்து இழுக்கும் சத்தம், பிறகு சருகுச் சத்தம். அது எங்களைவிட்டு மெதுவாகத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் தரையைப் பார்த்து வைத்து, அவர் பின்னால் நடந்தேன்.